கொசுவின் நிறம்

வைரத்தை மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் இதைக் காட்ட மாட்டார்கள். விளம்பரத்தில் வைரம் சுழலும், மினுங்கும், ஒரு பெண் காரணமில்லாமல் சிரிப்பாள். தரம் பிரிக்கிற கூடத்தில் அதே வைரத்தை வெள்ளை அட்டையின் மடிப்பில் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கிறவர்கள் விடுவார்களே 'ஹா' என்று ஒரு மூச்சு, அதை விட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

மூச்சு பட்டதும் கல் மங்கும். மினுக்கல் அடங்கிய அந்த ஒரு நொடியில்தான் அதன் உடம்பு நிறம் தெரியும். சுத்த வெள்ளையா, மஞ்சள் தட்டுகிறதா, பழுப்பா, நீலமா. அடுத்த நொடி ஆவி பறந்துவிடும். கல் மறுபடி நடிக்க ஆரம்பித்துவிடும்.

கூடத்தில் எல்லாரும் ஒரு கல்லுக்கு ஒரு மூச்சு விடுவார்கள். அந்த ஒருத்தி மட்டும் மூன்று விடுவாள், சத்தத்தோடு. அதனால் அவளுக்கு நீராவி என்று பெயர். எட்டு வருஷமாக அதுதான் பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ போட்டிருந்தது. அதை யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க இரண்டு நொடி ஆகும்.

அந்தத் திங்கட்கிழமை நீராவியின் மூச்சு சரியாக வரவில்லை. கல்லின் மேல் ஆவி முழுசாகப் படியாமல் திட்டுத் திட்டாகப் படிந்தது. காரணம், கணினித் திரையில் காலையில் வந்த ஒரே ஒரு வரி.

"தங்கள் கருத்து பெரும்பான்மையிலிருந்து வேறுபடுகிறது."

மரியாதையான வரிதான். அதன் பக்கத்தில் பதினொன்று என்று ஓர் எண் இருந்தது. அந்த மாதத்தில் பதினொரு தடவை.

அங்கே ஒவ்வொரு கல்லையும் மூன்று பேர் பார்ப்பார்கள். ஒருத்தர் போட்ட எழுத்து இன்னொருத்தருக்குத் தெரியாது. சுத்த வெள்ளைக்கு டி. அதிலிருந்து ஈ, எஃப், ஜி, எச், ஐ என்று ஒவ்வோர் எழுத்தாக நிறம் ஏறிக்கொண்டே போகும். சாயம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். மண்ணுக்கடியில் கிடைக்கிற வைரத்துக்கு மஞ்சளைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கூடத்துக்கு வருவதெல்லாம் இயந்திரத்தில் வளர்ந்த வைரம். அதில் இரண்டு ஜாதி. கேஸில், அதாவது வாயுவில், பூச்சு பூச்சாகப் படிந்து வளர்ந்தது லேசாகப் பழுப்படிக்கும். பெரிய அழுத்தத்தில் உலோகக் குழம்பில் வெந்து வளர்ந்தது லேசாக நீலமடிக்கும். 'லேசாக' என்றால், தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொட்டு மை விழுந்து, விழுந்ததையே மறந்துபோன மாதிரி. அந்தச் சொட்டைக் கண்டுபிடிக்கத்தான் நீராவிக்குச் சம்பளம்.

பதினொரு கல்லுக்கும் மற்ற இரண்டு பேர் 'லேசான நீலம்' என்று எழுதியிருந்தார்கள். அவள் மட்டும் 'சாயம் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

திரையில் இரண்டாவது வரியும் இருந்தது. "வியாழன் காலை பத்து மணி. கண் சோதனை."

சுவர், மேசை, நாற்காலி எல்லாம் சாம்பல் நிறமாயிருந்த அந்த அறையில், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நகப்பூச்சுகூடப் போடக் கூடாத கையோடு நீராவி உட்கார்ந்திருந்தாள். எதிலாவது கொஞ்சம் நீலம் இருக்கிறதா என்று நாலா பக்கமும் பார்த்தாள். எங்குமே இல்லை. இல்லாததால் இல்லையா, தெரியாததால் இல்லையா?

*

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றப் போகிற வரைக்கும் வேனைக் கழுவுவார், அல்லது கழுவப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மாடியில் அவர் தங்கை, அதாவது நீராவியின் நாத்தனார், தையல் மெஷின் போட்டிருந்தாள். ஊர்ச் சட்டையெல்லாம் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கும்.

பிரச்சினை வீட்டில் ஆரம்பித்தது ஒரு நூல்கண்டில். நாத்தனார் மேலிருந்து கத்தினாள், "அண்ணி, அந்த டப்பாவுல கருநீல நூல் இருக்கும், தூக்கிப் போடுங்க!" நீராவி போட்டாள். இரண்டு நிமிஷத்தில் நாத்தனார் கீழே வந்தாள், நூல்கண்டோடு.

"அண்ணி, இது கறுப்பு."

"நீலம்தான்டி அது."

"கறுப்பு அண்ணி."

"நான் என்ன வேல பாக்கறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான் என்ன வேல பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா? காலைலேந்து சாயந்திரம் வரைக்கும் துணிக்கு நூல் சேக்கறேன். கருநீல பேண்டுல கறுப்பு நூல் ஓட்டினா தைக்கக் குடுத்த வாத்தியாரு என்னக் கிழிச்சுடுவாரு."

வேன்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க, நான் பாக்கறேன்." பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "வெளிச்சம் பத்தல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி வேனுக்குப் போய்விட்டார். மணி பகல் பன்னிரண்டு. வாசலில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இது ஒரு மாதத்துக்கு முன்னால். அன்றைக்கு நீராவி சண்டை போட்டுவிட்டு மறந்துபோனாள். இந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, கோட்டு மடிப்பதற்கு முன்னாலேயே நூல் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். கறுப்பு என்று தோன்றியதெல்லாம் ஒரு பக்கம், நீலம் என்று தோன்றியதெல்லாம் ஒரு பக்கம். பிரித்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கறுப்புக் கும்பலிலிருந்து நாலு கண்டை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், நீலக் கும்பலில் வைத்தாள்.

நாத்தனார் பேசாமல் இருந்ததுதான் நீராவிக்கு அதிகம் பயமாக இருந்தது. அந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா அண்ணி?"

"எதுக்கு? கண்ணுல கத்தி வைக்கவா?"

"யாரு கத்தின்னு சொன்னா? சொட்டு மருந்தா இருக்கும்."

"முதல்ல சொட்டு மருந்துன்னுதான் சொல்லுவான். வியாழக்கெழமை முடியட்டும்."

கண் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். பல் பிடுங்கலாம், பிள்ளை பெறலாம், கண்ணில் தூசி விழுந்தால் அடுத்தவர் ஊதக்கூட விட மாட்டாள். ஊருக்கெல்லாம் ஊதுகிறவள்.

*

செவ்வாய்க்கிழமை காலை, வேனில் பிள்ளைகள் இறங்கின பிறகு, முன் சீட்டில் உட்கார்ந்து நீராவி தன் திட்டத்தைச் சொன்னாள்.

"அந்தச் சோதனைக் கல்லு இருக்கே, மொத்தமே நாப்பதுதான். ஒரு டப்பா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அதுலேந்து பன்னெண்டு எடுத்துக் குடுப்பாங்க. எட்டு வருஷமா எல்லாக் கல்லும் என் கையில வந்து போயிருக்கு. எல்லாத்தையும் எனக்குத் தெரியும்."

"எல்லாம் ஒரே மாதிரி வெள்ளக் கல்லு. எப்படித் தெரியும்?"

"உள்ள பாத்தா தெரியும். லென்ஸ் வச்சுப் பாத்தா ஒவ்வொரு கல்லு வயித்துலயும் ஒரு புள்ளி, ஒரு கீறல், ஏதாவது இருக்கும். மனுசனுக்கு மச்சம் மாதிரி. ஒண்ணு தலகீழா பிடிச்ச குடை. ஒண்ணு செருப்பு. ஒண்ணுல கறுப்பா ஒரு துளி, ரெண்டு கீறல், அப்படியே சுவத்துல அடிச்ச கொசு. நான் பேரே வச்சிருக்கேன்."

"கல்லுக்கா?"

"உங்க வேனுக்கு நீங்க வைக்கல?"

வேனுக்கு அவர் வைத்திருந்த பெயர் மகாராணி. அவர் அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை.

"சரி, புள்ளிதான் ஞாபகம் இருக்கு. கலரு?"

"ஒவ்வொரு தடவையும் சோதனை முடிஞ்சதும் விடை சொல்லிடுவாங்க. குடைன்னா டி. செருப்புன்னா எஃப், லேசா நீலம். கொசுன்னா ஐ, பழுப்பு. கலரு என் கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, புள்ளி நல்லாத் தெரியுதில்ல? புள்ளியப் பாத்து கலர எழுதிடுவேன்."

வேன்காரர் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். "இது காப்பியடிக்கறதும்மா."

"யாரப் பாத்துக் காப்பியடிக்கறேன்? என்னயப் பாத்துத்தான அடிக்கறேன்?"

அவர் வண்டியைக் கிளப்பினார். இரண்டு நாளும் போகும்போதும் வரும்போதும் அவர் கேட்டார், அவள் சொன்னாள்.

"செருப்பு?"

"எஃப். நீலம்."

"ரெட்ட வாலு?"

"ஜி. சாயம் இல்ல."

"கொசு?"

"ஐ. பழுப்பு. கொசுவுல சந்தேகமே கெடையாது. அந்த டப்பாலயே அதுதான் அழுக்குக் கல்லு."

புதன்கிழமை பின் சீட்டில் ஒரு பெண் குழந்தை இறங்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் எழுந்து, "கொசுன்னா ஐ," என்று தானும் சேர்ந்து சொன்னது. வேனைத் திருப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நாத்தனார் முட்டை பொரித்து எடுத்து வந்தாள். நீராவி தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கரு ரொம்ப வெளிறியிருப்பதாகத் தோன்றியது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பயந்து, சொல்லாமல் சாப்பிட்டாள்.

*

கூடத்தின் தலைமை மேற்பார்வையாளருக்கு நடுவர் என்று பெயர். மூன்று பேர் மூன்று எழுத்துப் போட்டால் கடைசி எழுத்து அவருடையது. யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பயம் குறைந்திருக்கும். எல்லாரையும் 'வாங்க, போங்க' என்பார். வேலையை விட்டு அனுப்பும்போதும் அதே 'போங்க'தான் என்பார்கள்.

வியாழன் பத்து மணிக்கு அவர் பன்னிரண்டு காகிதப் பொட்டலங்களைத் தட்டில் வைத்தார். பக்கத்தில் ஒப்பிடுகிற கற்களின் வரிசை, டி முதல் கே வரைக்கும், பல் செட்டு மாதிரி. "நிதானமாப் பாருங்கம்மா. ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நீராவி முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். இடுக்கியில் கல்லைப் பிடித்துத் தூக்கினாள். கல் நழுவி மேசையில் துள்ளி அவர் கோப்பையின் பக்கத்தில் போய் நின்றது.

"எடுத்துக்குங்க," என்றார் நடுவர்.

"தூசி இருக்கான்னு ஒரு தடவ லென்ஸ்ல பாத்துக்கறேன் சார்."

"பாருங்க."

லென்ஸைக் கண்ணில் ஒட்டி வைத்தாள். உள்ளே, சரிவின் ஓரத்தில், தலைகீழாகப் பிடித்த குடை. கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. பிறகு ஒழுங்காகக் கவிழ்த்துப் போட்டாள், மூன்று மூச்சு விட்டாள், வரிசைக் கற்களின் பக்கத்தில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள், டி என்று எழுதினாள். நடிப்பு நன்றாகத்தான் வந்தது. கல்லிடமிருந்து கற்றுக்கொண்டதாக இருக்கும்.

செருப்பு வந்தது. ரெட்டை வால் வந்தது. பெயர் வைக்காத ஒன்று வந்தபோது இரண்டு நிமிஷம் உயிர் போய் வந்தது. அப்புறம் அதன் விளிம்பில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்து, 'ஓ, நீயா' என்று மூச்சு திரும்பியது. பத்தாவது பொட்டலத்தில் கொசு இருந்தது. கறுப்புத் துளி, இரண்டு கீறல். அதைக் கவிழ்த்து ஊதினாள். கொஞ்சம் வெளுப்பாகத் தோன்றியது. ஆனால் தன் கண்ணுக்குத் தோன்றுவதை நம்பி எழுதுகிற காலம் மலையேறிவிட்டது என்று மூன்று நாளாகத் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். ஐ. பழுப்பு. அழுத்தமாக எழுதி அடிக்கோடும் போட்டாள்.

பன்னிரண்டும் முடிந்தது. நடுவர் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நீராவி சாம்பல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"வாங்கம்மா."

போனாள்.

"பதினொண்ணு சரி."

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்று தப்பானால் பரவாயில்லை. இரண்டு தப்புவரை விடுவார்கள்.

"பத்தாவது கல்லுக்கு ஐ, பழுப்புன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"அந்தக் கல்ல மூணு மாசத்துக்கு முன்னாடி திருப்பி அனுப்பினோம். கேஸ்ல வளந்த கல்லு இல்லீங்களா, மறுபடி அழுத்தத்துல வச்சு சூடு ஏத்தினா பழுப்பு எறங்கிடும். எறங்கிடுச்சு. மேல கொஞ்சம் மெருகு போட்டு வந்திருக்கு. இப்ப அது ஈ."

நீராவி வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.

"நிறந்தான் மாறும். உள்ள இருக்கற புள்ளி அப்படியேதான் இருக்கும்," என்றார் நடுவர், மெதுவாக. "ஈ கல்ல யாராவது எஃப்ன்னு போட்டா கண்ணு கொஞ்சம் சறுக்கிடுச்சுன்னு விட்டுடலாம். ஜின்னு போட்டாக்கூடப் பேசலாம். நாலு எழுத்து தள்ளி, பழுப்பும் போட்டு, அடிக்கோடும் போட்டிருக்கீங்க. இது கண்ணு பண்ற தப்பு இல்லம்மா. ஞாபகம் பண்ற தப்பு."

சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. அது இத்தனை நாளும் அடித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

"அந்தக் கல்லுக்குப் பேரு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"...கொசு, சார்."

நடுவர் தலையாட்டினார். "நான் காற்புள்ளின்னு வச்சிருக்கேன்." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வருவதற்கு இருந்து, வராமல் போயிற்று. "எவ்வளவு நாளா தெரியல?"

"என்ன சார்?"

"நீலம்."

எட்டு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அழுததில்லை. அழுதால் கண் சிவந்து அன்றைக்கு வேலை பார்க்க முடியாது. நீராவி அந்த வழக்கத்தை மீறினாள்.

நடுவர் கல் துடைக்கிற மெல்லிய காகிதம் ஒன்றை நீட்டினார். "கண்ணு வீக்கா இருந்தா அது உங்க தப்பு இல்ல. அத மறச்சீங்க பாருங்க, அதுக்கு நான் என்ன எழுதறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. ரெண்டு மாசம் டைம். டாக்டர் பேப்பரோட வாங்க. மறுபடி பன்னெண்டு கல்லு தரேன், நீங்க பாக்காத பன்னெண்டு. பேப்பர் இல்லாம வராதீங்க."

*

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். நீராவியின் தாடையை ஒரு கம்பியில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைப் பாய்ச்சி, பெரிய லென்ஸ் வழியாகக் கண்ணுக்குள் பார்த்தாள். எட்டு வருஷமாகக் கற்களின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தவளுக்கு, தன்னை ஒருத்தி அப்படிப் பார்த்ததும் உடம்பு கூசியது. உள்ளே என்ன மச்சத்தைக் கண்டாளோ, என்ன பெயர் வைத்தாளோ.

"ரெண்டு கண்லயும் புரை. உங்க வயசுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிடுச்சு. மஞ்சக் கண்ணாடி வழியா நீலத்தப் பாத்தா நீலம் எங்க தெரியும்? பயப்பட ஒண்ணுமில்ல. அத எடுத்துட்டு வேற லென்ஸ் வச்சிடலாம். முதல்ல வலது, ஒரு மாசம் கழிச்சு இடது."

"எடுத்துட்டுன்னா?"

"எடுத்துட்டு."

"கத்தியாலயா?"

"ரொம்பச் சின்னதா ஒரு வெட்டு."

நீராவி வேன்காரரின் முழங்கையைப் பிடித்தாள். அவர் சட்டையே கிழிந்துவிடும்போல் பிடித்தாள். "வைக்கற லென்ஸ் எங்கேந்து வருது டாக்டர்?"

"ஃபேக்டரிலேந்து."

"அதுக்கு ரிப்போர்ட் இருக்கா? யாரு பாத்தாங்க? மூணு பேரு தனித்தனியா பாத்தாங்களா? உள்ள புள்ளி, கீறல் ஏதாவது..."

டாக்டர் வேன்காரரைப் பார்த்தாள். "வேலை அப்படி," என்றார் அவர்.

வெளியே வந்து மகாராணியின் முன் சீட்டில் ஏறி, நீராவி கதவைச் சாத்திக்கொண்டாள். பின் சீட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்தவள், காத்திருந்த நேரத்தில் நாலு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"எடுத்துட்டு வேற வைப்பாங்களாம். செஞ்சது."

"செஞ்சதா?" நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அப்ப டூப்ளிகேட்டா?"

"ஏய்," என்றார் அண்ணன்காரர்.

"இல்ல, கேக்கறேன். நாலு மாசம் முன்னாடி எனக்கு மோதிரம் எடுத்துக் குடுத்தப்ப நான் வாய் தவறி டூப்ளிகேட்டுன்னு சொன்னதுக்கு அண்ணி எனக்கு அர மணி நேரம் பாடம் எடுத்தாங்க. மண்ணுல இருந்தா என்ன, மெஷின்ல இருந்தா என்ன, ரெண்டும் ஒரே சரக்கு, பாக்கற வேலைய ஒழுங்காப் பாத்தா போதும்னு. எனக்கு மனப்பாடம். சொல்லவா?"

நீராவிக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் அடியில் பயம் அப்படியே கல் மாதிரி கிடந்தது. "உனக்கு என்னடி, விரல்ல போடற சமாச்சாரம். இது கண்ணு. கை நடுங்கிட்டா? நான் இடுக்கியில கல்லப் பிடிச்சே நழுவ விட்டவ. அந்தப் பொண்ணுக்கு நழுவாதா?"

"நழுவினா எடுத்துக்குங்கன்னு சொல்ல நானிருக்கேன்," என்றார் வேன்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை. வண்டியைக் கிளப்பச் சாவி போடும்போது அவர் கை சாவித் துவாரத்தை இரண்டு தடவை தவறவிட்டதை இரண்டு பெண்களும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

*

வெட்டுகிற அன்றைக்கு அவளை மயக்கவில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். முகத்தின் மேல் துணி. துணியில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு நேரே விளக்கு. மல்லாக்கப் படுத்து, அசையக் கூடாது என்று சொல்லப்பட்டு, வெளிச்சத்துக்கு நேராக. கல்லைத்தான் குப்புறப் போடுவோம், மனுஷியை மல்லாக்கப் போடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். சிரிக்கப் பயந்து நினைப்பை நிறுத்தினாள். விளக்கு உருகிற்று. தண்ணீருக்கடியிலிருந்து சூரியனைப் பார்க்கிற மாதிரி எல்லாம் நெளிந்தது. ஏதோ ஒரு மெஷின் பூனை மாதிரி உறுமியது. 'குடை, டி. செருப்பு, எஃப், நீலம். ரெட்டை வால், ஜி.' உதடு அசையாமல் நாற்பதையும் சொன்னாள். கொசு வந்தபோது திக்கினாள். 'கொசு, ஈ' என்று திருத்திச் சொல்லி மேலே போனாள். முப்பத்திரண்டாவது கல்லில் இருந்தபோது, "முடிஞ்சிடுச்சும்மா," என்றாள் அந்தச் சின்னப் பெண்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது சுவரில் பதித்த ஒரு கைகழுவும் தொட்டி. அதைப் பார்த்து நீராவி ஐயோ என்று கத்திவிட்டாள்.

"வலிக்குதா?" என்று ஓடிவந்தாள் டாக்டர்.

"வெள்ளையா இருக்கு," என்றாள் நீராவி.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரு கண்ணைப் பொத்தினாள், மறு கண்ணைப் பொத்தினாள். புதுக் கண்ணுக்கு வானம் அடிக்கிற நீலமாக இருந்தது. பழைய கண்ணுக்கு எல்லாம் டீ தெளித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் டீக்குள் குடியிருந்திருக்கிறாள். மகாராணி பச்சை என்று நினைத்திருந்தாள், பார்த்தால் நீலப் பச்சை. வேன்காரரின் தலையில் இவ்வளவு நரையா.

"என்ன அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் நல்லா இருக்கு."

வீட்டில் நாத்தனார் சூப் வைத்துக் காத்திருந்தாள். கிண்ணத்தை நீட்டிய கையைப் பார்த்தாள் நீராவி. விரலில் வெளிறிய வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது.

"மோதிரம் எங்க?"

"கை வீங்கியிருக்கு அண்ணி, கழட்டி வச்சேன்."

"எங்க வீங்கியிருக்கு?"

"உள்ளுக்குள்ள."

நீராவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கூடத்தில் அவள் போட்ட தப்பு எழுத்து எதுவும் வெளியே போகவில்லை. மற்ற இரண்டு பேர் இருந்தார்கள், நடுவர் இருந்தார். ஒரே ஒரு கல்தான் மூன்று பேர் பார்க்காமல் போனது. ஊழியர்களுக்கு மலிவாக விற்கிற டப்பாவிலிருந்து அவளே பொறுக்கி, அவளே ஊதி, அவளே தேறிவிட்டதென்று சொல்லி, நாத்தனாரின் நாற்பதாவது பிறந்த நாளுக்கு மோதிரத்தில் வைத்துக் கொடுத்த கல்.

"எடுத்துட்டு வா."

"அப்புறம் அண்ணி. கண்ணுக்கு ஓய்வு குடுங்க."

"எடுத்துட்டு வாடி."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வாசலைப் பார்த்தார். வெளிச்சம் பத்தவில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. மோதிரம் நூல் டப்பாவின் அடியிலிருந்து வந்தது.

நீராவி நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே வர மடித்தாள். மடிப்பில் மோதிரத்தைச் சாய்த்து வைத்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். மூச்சு துண்டு துண்டாக வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ஆவி ஒழுங்காகப் படிந்தது.

ஒரு சொட்டு மை இல்லை. ஒரு பாட்டில். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத் தண்ணீர் மாதிரி. புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட முதல் நாளே ஒதுக்கி வைக்கிற நீலம்.

"இத நீங்க ரெண்டு பேரும் முதல் நாளே பாத்தீங்களா?"

"நான் சொன்னேனே அண்ணி, கொஞ்சம் நீலமா இருக்கேன்னு. அந்த டூப்ளிகேட் பாடத்தோடயே அதுக்கும் பாடம் எடுத்தீங்க. ஒம்பது நாள் எங்கிட்ட பேசல நீங்க."

"நீங்க?"

"நானும் நீலம்னுதான் பாத்தேன்," என்றார் வேன்காரர். "வெள்ளைன்னு சொன்னேன். சோறு வேணுமே."

ஆக, பார்த்தது மூன்று பேர்தான். இரண்டு பேர் நீலம் என்றிருக்கிறார்கள். இங்கே திரை இல்லாததால் வரி வரவில்லை.

"மாத்தித் தரேன்," என்றாள் நீராவி. "நடுவர்கிட்டயே சொல்றேன், நான் பொறுக்கினது தப்புன்னு."

"ஒண்ணும் வேணாம்." நாத்தனார் மோதிரத்தை எடுத்துப் பாவாடையில் துடைத்து விரலில் மாட்டினாள். சுலபமாக ஏறியது, உள்ளுக்குள்ளும் வீக்கம் இல்லை. "எனக்கு அந்த நீலந்தான் புடிச்சுது. வெள்ளையா இருந்தா கண்ணாடித் துண்டுன்னு நெனைப்பாங்க. நீங்க போய் அந்த நடுவர்கிட்ட வேலைய வாங்கற வழியப் பாருங்க. பாக்காத பன்னெண்டு கல்லாமே? நான் தினம் பன்னெண்டு நூல் குடுக்கறேன், பிரிங்க."

"இன்னொரு கண்ணு பாக்கி இருக்குடி."

"அதுக்கென்ன இப்ப?"

"மறுபடி படுக்கணும். மறுபடி அந்தத் துணி, அந்த விளக்கு." நீராவியின் கை தன்னால் இடது கண்ணுக்குப் போனது. இந்தத் தடவை அதைப் பொத்தவில்லை, வலதைப் பொத்தினாள். அறை உடனே பழைய டீ நிறத்துக்குத் திரும்பியது. நாத்தனாரின் கை, விரல், விரலில் கல். சுத்த வெள்ளை. டி போடலாம். வேன்காரரின் நரைகூட அவ்வளவாக இல்லை. ஒரு மாதம்தான் இனிமேல் இந்தக் கண்.

நாத்தனார் விரலை மூக்குக்கு நேரே நீட்டினாள். "இப்பச் சொல்லுங்க. என்ன கலரு?"

நீராவி பழைய கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீலம்," என்றாள்.

வேன்காரர் குனிந்து, எந்தக் கண் பொத்தியிருக்கிறது, எந்தக் கண் திறந்திருக்கிறது என்று பார்த்தார்.

"இது பாத்துச் சொல்றியா," என்றார், "ஞாபகத்துல சொல்றியா?"